நாலு சுவருக்கு ஒரு முப்பாட்டன்

"அப்பா பேரு தெரியாதவரா என் முப்பாட்டன்? பத்தே நாள்ல கண்டுபிடிக்கறேன், பாரு!"

பூட்டுக்காரர் இந்தச் சபதத்தை நாற்காலி மேல் ஏறி நின்று செய்தார். சபதத்துக்காக ஏறவில்லை. கூடத்துச் சுவரில் எத்தனை இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது என்று எண்ணச் சொல்லி வீட்டம்மாள்தான் ஏற்றிவிட்டிருந்தாள். இருபத்து மூன்று இடம். எண்ணி முடித்த நேரத்தில் தபால் வந்தது. நின்றபடியே படித்தார்.

இந்த ஊரில் முதல் செங்கல் சுட்டவர் அவருடைய முப்பாட்டன். அதற்கு முன் இங்கே சேறும் கோரைக் குடிசையும்தான். சூளைக்காரர் என்றே ஊர் அழைத்த அவர் வந்த பிறகுதான் ஊருக்குச் சுவர் என்று ஒன்று உண்டானது. அவருக்குக் கடைத்தெருவில் ஒரு நினைவுக்கல் வைக்கப் போகிறது நகரசபை. ஆனால் எங்கிருந்து வந்தார், யார் பெற்ற பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்த புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வாரிசுகள் கல் தச்சரிடம் சொல்ல வேண்டும். தவறினால் கல்லில் 'பெற்றோர் தெரியாது' என்று வெட்டிவிடுவார்கள்.

"அப்போ வெள்ளை அடிக்கறது?" என்றாள் வீட்டம்மாள். "டப்பா வாங்கி ஆறு மாசமாச்சு."

"வம்சம் முக்கியமா, சுவர் முக்கியமா?"

"உங்க வம்சமே சுவர் எழுப்பின வம்சம்தானேங்க?"

ஊரிலுள்ள பூட்டையெல்லாம் திறந்தவர், இந்தக் கேள்விக்கு மட்டும் சாவி தேடவில்லை. இறங்கிச் சட்டையை மாட்டினார்.

பழைய பதிவேட்டு அலுவலகத்தில் செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள் உட்கார்ந்தார். தொழில் அனுமதிப் பதிவேடு, நில உரிமைப் பதிவேடு, நற்சான்றுப் பதிவேடு என்று மொத்தம் பதினோரு புத்தகம் பார்த்தார். தும்மல் நூற்று நாற்பது. சூளைக்காரர் ஒன்பது இடத்தில் வந்தார். ஒன்பதிலும் வெறும் 'சூளைக்காரர்'. பெரிய மனிதரைப் போய் யார் விசாரிப்பார்கள்?

"இன்னும் ஒரு அலமாரி இருக்குங்க ஐயா," என்றார் குமாஸ்தா. "புகார்ப் பதிவேடு."

பூட்டுக்காரருக்கு மூக்கு சிவந்தது. "புகாரா? எங்க வம்சத்துல ஒருத்தர் மேலயும் ஒரு புகார் கிடையாது! அந்த அலமாரிப் பக்கம் என் நிழல்கூடப் படாது!"

வெள்ளி மாலை தலையில் தூசியோடு வீட்டுக்கு வந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை மூக்கை உறிஞ்சியே தெரிவித்தார். சனிக்கிழமை காலை வீட்டம்மாள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இரண்டு மணி நேரத்தில் திரும்பினாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஞாயிறு காலை காப்பியோடு ஒரு பிரஷ்ஷையும் நீட்டினாள்.

"எல்லாம் கிடைச்சாச்சுங்க. ஊரு, வயசு, யார் பெத்த பிள்ளைங்கறது, சகலமும்."

"எங்கே? கொடு!"

"சுவருக்கு ஒண்ணு சொல்றேன். கூடத்துல நாலு சுவர் இருக்கு."

"இது அநியாயம்மா!"

"புதன்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. சரியா வருது பாருங்க."

கிழக்குச் சுவர் ஞாயிறு மாலை முடிந்தது. வீட்டம்மாள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பதினேழு வயசு. மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒன்பது நாள் நடந்தே வந்திருக்கார். தலையில ஒரே ஒரு செங்கல் அச்சு."

பூட்டுக்காரர் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்பது நாள்! ஒரு அச்சை நம்பி ஒரு ஊரையே கட்ட வந்த பையன்! அந்த வயதில் இவர் தெருமுனைக்குப் போகவே சைக்கிள் கேட்டவர்.

"எந்தப் பதிவேட்டுல இருந்துச்சு?"

"அது அடுத்த சுவருக்கு."

திங்கட்கிழமை தெற்குச் சுவர். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டுப்போனதென்று மறுபடி அடிக்க வைத்தாள்.

"புகார்ப் பதிவேடுங்க. ஒரு மனுஷன் நல்லது பண்ணினா பேரை மட்டும் எழுதுவாங்க. தப்பு பண்ணினாத்தான் ஊரு, வயசு, பெத்தவங்கன்னு எல்லாத்தையும் கேட்டு எழுதுவாங்க. அதனால நேரா அங்கே போனேன்."

"என் முப்பாட்டன் மேல புகாரா? கொடுத்தவன் யாரு?"

"மேற்குச் சுவர்."

செவ்வாய்க்கிழமை இவ்வளவு வேகமாக எந்த மனிதனும் வெள்ளை அடித்திருக்க மாட்டான். மதியம் பன்னிரண்டுக்கே முடித்துவிட்டார்.

"கொடுத்தது அவர் சம்சாரம். 'என் வீட்டுக்காரர் ஊருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்குக் கல் சுட்டுக் கொடுத்தார். நான் இன்னும் கோரைக் குடிசையில் இருக்கிறேன். சுவர் எழுப்பச் சொன்னால் நாளைக்கு என்கிறார்.' அப்படியே எழுதியிருக்கு."

"அப்புறம்?"

"பதினஞ்சு நாள்ல நாலு சுவர் எழுப்பணும்னு தீர்ப்பு. எழுப்பிட்டார். அந்தச் சுவரைத்தான் இப்போ நீங்க அடிச்சுக்கிட்டிருக்கீங்க."

பூட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்தார். கை முழுக்க வெள்ளை.

புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு வடக்குச் சுவர் முடிந்தது. வீட்டம்மாள் இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். குமாஸ்தா எழுதிக் கொடுத்த நகல். தகப்பன் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. தாய் என்ற இடத்தில் ஒரு பெயரும், அதன் பக்கத்தில் 'சூளையில் மண் மிதிப்பவள். மகனுக்குத் தொழில் கற்பித்தவளும் இவளே' என்ற வரியும்.

அவர் அதை நான்கு முறை படித்தார்.

"அந்த அம்மா மிதிச்ச மண்ணும்மா, இந்த ஊரு," என்றார். "கல்லுல அந்தப் பேருதான் வரணும். அப்பா பேரு இல்லேன்னா என்ன? இன்னும் அரை மணி இருக்கு. எங்கே என் செருப்பு?"

"எங்கேங்க ஓடறீங்க?"

"கல் தச்சர்கிட்ட! அஞ்சு மணிக்கு மேல 'தெரியாது'ன்னு வெட்டிடுவாரே!"

"அந்த அம்மா பேரை வெச்சு நான் விளையாடுவேனா? சனிக்கிழமையே அவர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்."

பூட்டுக்காரர் ஒரு செருப்போடு நின்றார். "அப்போ கல்லு?"

"வெட்டி மூணு நாளா அவர் பட்டறை வாசல்ல நிக்குது. ஊரே சும்மா படிச்சுட்டுப் போகுது. நீங்க ஒருத்தர்தாங்க வெள்ளை அடிச்சுப் படிச்சீங்க."