ஓட்டைப்பலகை அண்ணாச்சி பாஸ் போட்ட வக்கீல்

தூத்துக்குடியில் ஓட்டைப்பலகை அண்ணாச்சி அளந்து பார்க்காமல் விட்டது கடல் ஒன்றைத்தான். அதுவும் பலகை சின்னதாகப் போய்விட்ட காரணத்தால்.

சங்கு சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். குளியாட்கள் முங்கி எடுத்து வரும் சங்கை, வட்டமாகத் துளை போட்ட ஒரு பலகையில் விட்டுப் பார்ப்பார். துளை வழியாக விழுந்தால் குஞ்சுச் சங்கு, திரும்பவும் கடலுக்கே போகும். விழாமல் நின்றால் மூட்டைக்குப் போகும். மூட்டையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு டிக் போடுவார். ஓய்வு பெற்ற அன்று பெரிய மாலை போட்டார்கள். மாலையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதன்பிறகு ஊரில் ஒரு பொருளுக்கும் நிம்மதி இல்லை. டீக்கடையில் வடையைப் பலகையில் விடுவார். விழுந்தால், "இது குஞ்சுவே! திரும்பச் சட்டியில போடும்" என்பார். கடைக்காரர் பயந்துபோய் அவருக்கென்று தனியாக ஒரு வடை சுட ஆரம்பித்தார். தங்கச்சி மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் என்று சொல்லிவிட்டான். பெண் பார்க்க வந்தவனைக் கையைப் பிடித்து இன்ஸ்டிடியூட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார். பஜ்ஜி ஆறிப்போனது. கல்யாணம் நடந்தது, பையன் தப்பே இல்லாமல் அடித்திருந்தான்.

எழுபதுகளில் புதுத் துறைமுகத்துக்கு வெளிநாட்டுக் கப்பல்கள் வரத்தொடங்கின. அப்போது நான் டெய்லர். கப்பல்காரன் ஒருவன் கடைக்கு வந்து, மாலுமிகளுக்கு நூற்றிருபது கால்சட்டை வேண்டும் என்று அளவுச் சீட்டைக் கொடுத்தான். முன்பணம் ஒரு டின் பிஸ்கட்டு. ஜவுளிக்கடையில் கடனுக்கு நீலத் துணி எடுத்து, இரண்டாவதாக ஒரு மிஷினும் வாங்கி, ஆள் வைத்துத் தைத்தேன். நூற்றிருபதையும் இஸ்திரி போட்டு முடித்த அன்று காலையில் கப்பல் கொழும்புக்குப் போய்விட்டது. அந்தக் கால்சட்டையின் ஒரு காலுக்குள் நம்மூர் ஆள் குடும்பத்தோடு இருக்கலாம். யாரிடம் விற்பது?

மஞ்சக் கடுதாசி கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கோர்ட்டில் 'நான் திவால்' என்று எழுதிக்கொடுப்பதற்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. எனக்குப் பயமெல்லாம் ஒன்றே ஒன்றுக்குத்தான்: பதினாறு வருஷமாக மிதிக்கிற என் பழைய மிஷின். என் வீட்டுக்காரி அதை "மூத்தவ" என்றுதான் சொல்வாள். அது ஏலத்துக்குப் போனால் நானும் கூடவே போகவேண்டியதுதான்.

"எந்த வக்கீல்ட்டலே போற?" என்றார் அண்ணாச்சி.

"இடி வக்கீல்ட்ட. பெரிய ஆளுல்லா?"

"பெரிய ஆளான்னா கேட்டேன்? கண்ணுக்கு ஒரு டாக்டரு, காதுக்கு ஒரு டாக்டருன்னு தனித்தனியாப் படிச்சுப் பாஸ் பண்ணுதாங்க. வக்கீலுக எல்லாருக்கும் ஒரே கறுப்பு அங்கி. எவன் எதுல பாஸுன்னு நாமதான்லே பாக்கணும். கெளம்பு."

இடி வக்கீல் கொலைக் கேஸில் பேர்பெற்றவர். அவர் வாதாடினால் கோர்ட்டு ஓட்டில் இருக்கிற புறா பறக்கும்.

"ஐயா, மஞ்சக் கடுதாசியில எத்தன பேர எறக்கியிருக்கிய?" என்றார் அண்ணாச்சி.

"எண்ணிக்கையே இல்ல வே!"

"மேல வந்தது எத்தன பேரு?"

"என்னது?"

"முங்குனவன் மேல வரணும்லா? கடன் தீந்துச்சு, நீ இனிமே ப்ரீன்னு கோர்ட்டு விடுதலை கொடுக்கணுமே. அப்படி எத்தன பேரு?"

"அது அவனவன் பாடு!"

அண்ணாச்சி அக்குளிலிருந்து பலகையை எடுத்து, ஒற்றைக் கண்ணால் துளை வழியாக வக்கீலை மேலும் கீழும் பார்த்தார். "விழுந்துட்டிய" என்றார். குமாஸ்தா தெருமுனை வரை எங்களை விரட்டினார்.

அடுத்தவர் நாசரேத்துக்காரர், நில வழக்கு பார்ப்பவர். மிஷினைப் பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "ராத்திரியோட ராத்திரியா சாயர்புரத்துல மாமியா வீட்டுல ஒளிச்சு வச்சிரும்" என்றார்.

"ஒளிச்சு வைக்க எனக்கே தெரியும், அதுக்கு வக்கீல் எதுக்கு?" என்று அண்ணாச்சி எழுந்துவிட்டார். "கண்டுபிடிச்சா இவனல்லா உள்ள போடுவான்!"

மூன்றாவது ஆள் ஒரு பேக்கரி மாடியில் இருந்தார். ஒல்லியானவர். அவர் பேசுவது அவருக்கே கேட்குமா என்று சந்தேகம். அண்ணாச்சி அதே கேள்வியைக் கேட்டார். வக்கீல் பீரோவிலிருந்து ஒரு கேஸ் கட்டை எடுத்து நாடாவை அவிழ்த்தார்.

"பதினோரு பேர். ஒம்பது பேருக்கு விடுதலை வந்துட்டு. ஒருத்தருக்கு நடந்துக்கிட்டிருக்கு. ஒருத்தர் இறந்துட்டார்."

"அவரு எதுல?"

"மஞ்சக் காமாலை."

அண்ணாச்சி திருப்தியாகத் தலையாட்டினார். "மிஷினு?"

"தொழில் செய்யற ஆளோட கருவிய எடுக்க முடியாது. இவரு மிதிக்கிற மிஷின் இவருக்கு. ஆள் வச்சுத் தைக்க வாங்குனத மட்டும் மறைக்காமக் காட்டிரணும்."

இறங்கும்போது வக்கீல் வீட்டுக் கதவில் அண்ணாச்சி சுண்ணாம்புக்கட்டியால் ஒரு டிக் போட்டார்.

கோர்ட்டில் போய்ப் பார்த்தால் ஜவுளிக்கடைக்கு ஆஜராகி நிற்பது இடி வக்கீல்! "இவன் டெய்லரே இல்லை, கனம் கோர்ட்டாரே! இவன் ஏற்றுமதி வியாபாரி! கருவி என்ன கருவி? ரெண்டு மிஷினையும் எடுக்கணும்!" என்று முழங்கி, ஒரு கால்சட்டையை உயர்த்திக் காட்டினார். அது முழுதாக உயர வேண்டுமென்றால் அவரும் நிறையவே உயர வேண்டியிருந்தது. எம்பினார். டர்ரென்று அங்கி அக்குளில் கிழிந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒன்றும் யோசிக்கவில்லை. சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக்கொண்டு நேரே போய், "கையத் தூக்கியே வைங்கய்யா" என்று தைக்க ஆரம்பித்துவிட்டேன். அவரும் பழக்கதோஷத்தில் தூக்கியே வைத்திருந்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் வக்கீல் எழுந்து என்னவோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார் நீதிபதி. நிறுத்தினார்கள். வக்கீல் மறுபடியும் சொன்னார்:

"இதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

மூத்தவள் வீட்டிலேயே இருந்துகொண்டாள். இரண்டாவது மிஷினும் கால்சட்டைகளும் ஏலத்துக்குப் போயின. கால்சட்டைகளைத் தருவைகுளத்து மீனவர் ஒருவர் மொத்தமாக எடுத்து வள்ளத்துக்குப் பாய் தைத்துக்கொண்டார். காற்றடித்தால் நடுக்கடலில் ஒரு நீல ராட்சதன் ஓடுகிற மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகு நொடித்துப்போனவர்களெல்லாம் "டிக் போட்ட கதவு எங்கன இருக்கு?" என்று விசாரித்து வரத் தொடங்கினார்கள். இடி வக்கீலின் குமாஸ்தா தாமே தங்கள் கதவில் ஒரு டிக் போட்டுப் பார்த்தார். அண்ணாச்சி ஈரத்துணியோடு போய் அழித்துவிட்டு வந்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து எனக்கும் விடுதலை உத்தரவு வந்தது. தாளை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். துளை வழியாகத் தாளின் முத்திரையைப் பார்த்துவிட்டு, "மேல வந்துட்டலே" என்றார்.

"ஊரையே அளந்திய. என்னைய மட்டும் ஒரு நாளும் அளக்கலியே, அண்ணாச்சி?"

பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"அளந்து, நீ விழுந்து தொலச்சேன்னா கடல்லல்லா போடணும்? அதுக்கு எனக்கு மனசு வராதுலே" என்றார்.