பேரிங்கில் தண்ணீர் போகக்கூடாது

ஒன்றும் தெரியாதவனால் உலகத்துக்குப் பெரிய கேடு வராது. அவன் நாலு பேரைக் கேட்டுவிட்டுச் செய்வான். பாதி தெரிந்தவன்தான் ஆபத்து. அவன் யாரையும் கேட்க மாட்டான். இருபத்தாறு வயதில் நான் அந்தப் பாதி ரகம். அதற்குச் சாட்சியாக ஒரு பொருள் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இன்றும் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. மலேசியாவில், கெடா மாநிலத்துச் சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், பால் ஸ்டோரில் எனக்கு வேலை. பட்டை கீறி மரம் வெட்டுகிறவர்கள் கொண்டுவரும் பாலை நிறுத்து, வடிகட்டி, தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலந்து கட்டியாக்க வேண்டும். (வெளியில் யாராவது கேட்டால் 'கெமிக்கல் லைன்' என்று சொல்லுவேன். ஒட்டுப்பால் வாடை உண்மையைச் சொல்லிவிடும்.)

சுங்கை பட்டாணியில் மாதா கோயில் பாட்டுக் குழுவில் பிலோமினாவைப் பார்த்தேன். எனக்குப் பிடித்துப்போனது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது என்று நினைக்க இரண்டு மூன்று ஆதாரங்கள் இருந்தன. எங்கள் அப்பா முறைப்படி போய்ப் பெண் கேட்டார். அவளுக்கு அப்பா இல்லை. அண்ணன் ஆரோக்கியம் வைத்ததுதான் வீட்டில் சட்டம். அவர் "பாப்போம்" என்றார். அதற்குப் பிறகு மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆரோக்கியம் அண்ணனுக்கு அரசாங்க அலுவலகத்தில் படம் வரைகிற வேலை. சாலை, பாலம், வடிகால் எல்லாவற்றையும் கோடு பிசகாமல் தாளில் போடுவார். வீட்டு மேசையில் பென்சில்கூட நேர்க்கோட்டில்தான் கிடக்கும். இப்படிப்பட்ட மனிதர் ஒரு மவுண்டன் பைக் வாங்கினார். எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் பார்க்காத சாமான் அது. மரம் வெட்டப் போகிறவர்கள் நின்று டயரைத் தொட்டுப் பார்த்தார்கள். அடுத்த வீட்டுத் தம்பி தொட்டதற்கு அண்ணன் துணி எடுத்துத் துடைத்தார் என்று பிலோமினா ஒருமுறை சொல்லியிருந்தாள்.

பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டப் பாதையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை சைக்கிள் பந்தயம். அண்ணன் ஆறு மாதமாக அதற்குப் பயிற்சி எடுத்துவந்தார். முதல் நாள் வியாழன். கெடாவில் வெள்ளிதான் வார விடுமுறை, வியாழன் அரசாங்க வேலைக்கு அரை நாள். மத்தியானம் எங்கள் தோட்டத்துச் செம்மண் பாதையில் கடைசியாக ஓட்டிப் பார்க்க வந்தவரை மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள் சேறு பூசிய எருமையாக ஸ்டோர் வாசலில் வந்து நின்றது. அவரைக் கூட்டிப் போக ஒரு நண்பர் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். அதில் சைக்கிளை ஏற்ற முடியாது.

நான் முந்திக்கொண்டேன். சுத்தம் பண்ணி, காலையில் எங்கள் சின்னப்பன் மாமா காரில் ஏற்றிப் பந்தயத் திடலுக்கே கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொன்னேன். அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வரைபடத்தில் தப்பு தேடுகிற பார்வை அது.

"தம்பி, ஒண்ணே ஒண்ணுதான். பேரிங்ல தண்ணி போவக் கூடாது. ஹோஸ் அடிக்காதீங்க. ஈரத் துணியில தொடச்சாப் போதும். கார் மேல ஏத்துனா பிளாஸ்டிக் சுத்திக் கட்டுங்க, மழை வந்தா காத்துல தண்ணி உள்ள ஏறிடும்."

"நீங்க கவலப்படாம போங்கண்ணே" என்றேன்.

அவர் போனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கையைக் கொடுக்க யோசிக்கிற மனிதர் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இது துப்புரவு வேலை இல்லை, பரீட்சை. பாஸ் பண்ணினால் பிலோமினா. இது எனக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது.

ஒரு மணி நேரம் துணியால் துடைத்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. அடுத்து, சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கிற குடத்தில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. உலகத்துக்கே டயரும் மழைச் சப்பாத்தும் கொடுக்கிற மரத்தின் கீழே நின்றுகொண்டு, பசாரில் மீன் கட்டிக் கொடுக்கிற பிளாஸ்டிக் பையை நம்புவதா?

ரப்பர் பால் காய்ந்தால் தண்ணீர் ஒரு சொட்டு போகாது. வேலை முடிந்ததும் தோலாக உரித்து எடுத்துவிடலாம். தினமும் கைவிரலில் உரிக்கிறவன் நான். விரலில் பூசிக் காயவைத்து உரித்தும் பார்த்தேன். அழகாக வந்தது. (விரலுக்குள் பேரிங் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.)

பையைக் கழற்றி எறிந்துவிட்டு, முதலில் பிரஷ்ஷால் பூசினேன். மெல்லியதாகத் தெரிந்தது. சைக்கிளைப் படுக்கப் போட்டு, எண்ணெய்க் குப்பியின் மூக்கு வழியாக அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே இருந்த இடுக்கில் பாலை ஊற்றினேன். அது குடித்துக்கொண்டே இருந்தது. இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டா அண்ணன் இத்தனை நாள் ஓட்டினார் என்று எனக்கு அவர்மேல் பரிதாபம்கூட வந்தது. நிரம்பியதும் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம். அப்புறம் பின்சக்கரம். காலைக்குள் இறுக வேண்டுமே என்று ஒவ்வொரு இடுக்கிலும் இரண்டு சொட்டு ஆசிட். கெமிக்கல் லைன் இல்லையா!

பொழுது சாய்வதற்குள் எல்லாம் இறுகிவிட்டது. இனிதான் நான் செய்த பெரிய காரியம். உண்மையிலேயே தண்ணீர் போகவில்லையா என்று சோதிக்க, தொட்டி கழுவுகிற ஹோஸை எடுத்துச் சைக்கிளில் அடித்தேன். உள்ளே போக இடம் இல்லாமல் தண்ணீர் என் முகத்திலேயே திரும்பித் தெறித்தது. அன்று என்னைவிடச் சந்தோஷமான மனிதன் கெடாவில் இருந்திருக்க மாட்டான்.

காலையில் சின்னப்பன் மாமாவின் பழைய காருக்கு மேலே சைக்கிளைத் தலைகீழாகக் கட்டினோம். மாமா பேச்சுக்குச் சோம்பேறி; அந்தக் கெரேத்தாவும் அவரைப் போலத்தான், மெதுவாகப் போகும். பாதி வழியில் மழை கொட்டியது. நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்தேன். சக்கரங்கள் காற்றில் சுற்றாமல் கம்பீரமாக நின்றன. என் கட்டு அவ்வளவு உறுதி என்று நினைத்தேன்.

"மழ நல்லா பேயட்டும் மாமா" என்றேன். மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

திடலில் மழை விட்டிருந்தது. மலாய் இளைஞர்கள், சீனப் பையன்கள், நம் ஆட்கள் என்று நல்ல கூட்டம். ஆரோக்கியம் அண்ணன் நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் குடையோடு பிலோமினா. சைக்கிளை இறக்கி வைத்தோம். அண்ணன் சுற்றி வந்தார். சங்கிலி, பிரேக், கம்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்லா தொடச்சிருக்கீங்க தம்பி" என்றார்.

பிலோமினா குடைக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டால் என் வாழ்க்கை ஒரு வெற்றிக் கதை.

அண்ணன் முன்சக்கரத்தைத் தூக்கி விரலால் ஒரு சுண்டு சுண்டினார். சக்கரம் கால் சுற்றுப் போனது. நின்றது. பிறகு, நிதானமாக, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தது. அண்ணன் மறுபடி சுண்டினார். போனது, வந்தது. பின்சக்கரம் போகவே இல்லை.

"உள்ள என்ன போட்டீங்க?"

"ரப்பர் பாலுண்ணே. தண்ணி போவாம இருக்க."

அவர் சக்கரத்தை மெதுவாகக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. பந்தயக்காரர்களை வரிசையில் கூப்பிட்டார்கள். விசில் ஊதினார்கள். எல்லோரும் சேறு தெறிக்க எங்களைத் தாண்டிப் போனார்கள். அண்ணன் நெஞ்சில் நம்பரோடு அவர்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு மாதப் பயிற்சி அப்படி நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிலோமினா கைநழுவிப் போனாள் என்பதற்காக மட்டும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மாமாவிடம் ஸ்பேனர் கேட்டார். மரத்தடியில் உட்கார்ந்து முன்சக்கரத்தைக் கழற்றினார். அச்சை உருவியதும் வெள்ளையாக ஏதோ தலையை நீட்டியது. பிடித்து இழுத்தார். கிரீஸ் பூசிய ரப்பர் வளையம் ஒன்று வழுக்கிக்கொண்டு முழுசாக வெளியே வந்தது. பேரிங் குண்டுகள் அதில் வரிசையாகப் பதிந்திருந்தன. பத்து குண்டு.

"அண்ணே, செபமால மாதிரி இருக்கு" என்றாள் பிலோமினா. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். குடை மட்டும் குலுங்கியது.

அண்ணன் சிரிக்கவில்லை. "ஹோஸ் அடிச்சீங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. மாமாவும் பார்க்கவில்லை, ஒரு சாட்சியும் இல்லை. ஆனால் கையில் செபமாலை மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு கேட்கிறவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

"அடிச்சேண்ணே. தண்ணி போவுதான்னு பாக்க."

அண்ணன் குடத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, வெளிச்சத்துக்குக் காட்டி உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் துடைத்து, விரலையும் பார்த்தார். கடைசியில் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணி போவல" என்றார். "இவருகிட்ட ஒண்ணு சொன்னா உசிரக் குடுத்துச் செய்வாரு. என்னா சொல்றோம்னு நாமதான் பாத்துச் சொல்லணும் லா. ஒன்னால முடியுமா?"

பிலோமினா தலையாட்டினாள். எனக்குப் பெண் நிச்சயமானது அப்படித்தான். வரும் வழியில் மாமா வாய் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "பொழச்ச."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் எந்தச் சக்கரத்தையும் தொடக் கூடாது. குழாய் சொட்டினால் பிலோமினா முதலில் என்னை உட்காரச் சொல்லுவாள், பிறகுதான் ஆள் கூப்பிடுவாள். மச்சானாகிவிட்ட ஆரோக்கியம் அண்ணன் இன்னும் சைக்கிள் ஓட்டுகிறார். காரில் ஏற்றும்போது பிளாஸ்டிக்கைத் தானே சுற்றிக் கட்டுவார். நான் பக்கத்தில் போனால், "மாப்பிள்ள, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார், மரியாதையாக.

அந்த வளையத்தை எங்கள் கல்யாணத்துக்கு அவரே ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். ரப்பர் கறுத்துவிட்டது, குண்டுகள் அப்படியே இருக்கின்றன. சமீபத்தில் வீடு மந்திரிக்க வந்த புதுப் பங்குச் சாமியார் அதைப் பார்த்துவிட்டு, யாரோ மூதாதையர் கையால் செய்த செபமாலை என்று நினைத்து, பெட்டியைத் திறக்கச் சொன்னார். மச்சான் உட்பட எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் கண்ணை மூடி ஜெபித்து, தீர்த்தத்தைத் தாராளமாகத் தெளித்தார். நான் பதறிப்போய்த் துணியைத் தேடினேன்.

மச்சான் என் காதோரம் குனிந்தார்.

"பயப்படாதீங்க மாப்பிள்ள. உள்ள போவாது."