வளரும் பெயின்ட்

"இறக்கையில என்ன தம்பி, வெள்ளையா?" என்று கேட்டாள் சித்தி.

"பெயின்ட், சித்தி."

வாயில் வந்த பொய்யைச் சொல்லிவிட்டான் விமானி. அவனுடைய சித்தி அல்ல. அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண்ணின் சித்தி. தாயில்லாத அவளை வளர்த்து ஆளாக்கியவள். ஏதோ அரசாங்க வேலை. சித்தி தலையசைத்தால்தான் கல்யாணம். பெண்ணைப் பார்க்க பஸ்ஸில் கிளம்பியவளை வலியக் கூப்பிட்டுத் தன் குட்டி விமானத்தில் ஏற்றிக்கொண்டான்.

ஏறும்போதே கேட்டாள். "மேகத்துக்குக் கீழேயே போயிடலாம்தானே?"

"மேகமே இருக்காது சித்தி. வானிலை அறிக்கை எழுதுறவங்க ஜன்னலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டாங்க. சும்மா பயமுறுத்துவாங்க."

பாதி வழியில் மழை பிடித்தது. மழைக்குத் தப்ப மேலே ஏறினான், மேகத்துக்குள் மாட்டினான். மேகத்துக்குத் தப்ப இன்னும் ஏறினான். இறக்கை விளிம்பில் வெள்ளை படிந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

சித்தி மறுபடி எட்டிப் பார்த்தாள். "பெயின்ட் வளருமா தம்பி?"

விமானத்தின் மூக்கைத் தூக்கினான், வேகம் குறைந்தது. என்ஜின் இருமியது. உள்ளே உறைந்ததை உருக்கச் சூடான காற்றைத் திறந்தான். உருகிய தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னும் பலமாக இருமியது.

"இதுக்கும் சளியா?"

அடுத்த பொய் நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் இருப்பது இந்த ஒரு ஆள். அவளைத்தான் பக்கத்தில் உட்கார்த்திவைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"பெயின்ட் இல்லை சித்தி. பனிக்கட்டி. ஏறக்கூடாதுன்னு தெரிஞ்சே ஏறிட்டேன். கீழே இறங்கித் திரும்பிடறேன்."

"அவ காத்திருப்பாளே?"

"காத்திருக்கட்டும். நாம போய்ச் சேர்ந்துடக் கூடாது."

மெல்ல இறக்கி, மெல்லத் திருப்பினான். கீழே காற்றில் சூடு இருந்தது. இறக்கையிலிருந்து பாளமாகப் பெயர்ந்து விழுந்தது பனி. என்ஜின் தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

கிளம்பிய ஓடுபாதையிலேயே இறங்கினார்கள். கல்யாணம் கைவிட்டுப் போனது என்று முடிவுகட்டிக்கொண்டு, இருக்கையைவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தான். சித்தி போனை எடுத்தாள்.

"இன்னிக்கு வர முடியலடி... ம், பக்கத்துலதான் இருக்கான். பொய் சொல்றான். ஆனா ரொம்ப நேரம் தாங்க மாட்டேங்கறான். கட்டிக்கோ."

எரிபொருள் நிரப்புகிறவர் குடையோடு ஓடிவந்தார். சித்தியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னக்கா, மேகத்துக்குள்ள பனி உறையும்னு காலையில அறிக்கை எழுதி அனுப்பினதே நீங்கதானே!"