எல்லாருக்கும் ஒரே கணக்கு

நாவலாசிரியைக்குப் பதிப்பகத்திலிருந்து வந்திருந்த காசோலையைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க அவள் கணவன் பெரும்பாடு பட்டான். உதட்டை மடித்தான், கண்ணாடியைத் துடைத்தான், கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரவாயில்ல, போன தடவைக்கு இது தேவலை," என்றான். அந்தப் பணத்தில் அவன் ஸ்கூட்டருக்கு ஒரு டயர் வாங்கலாம். இன்னொரு டயருக்கு அவள் இன்னொரு நாவல் எழுத வேண்டும்.

நாத்தனாரின் துணிக்கடையில் பில் போடும் வேலையை உதறிவிட்டு முழுநேரமாக எழுத உட்கார்ந்தவள் அவள். அப்போதே இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. மூன்று வருஷம் அவன் ஒற்றைச் சம்பளத்தில் குடும்ப வண்டியை இழுப்பான். அதற்குள் எழுத்து சோறு போடாவிட்டால் அவள் பழைய நாற்காலிக்கே திரும்ப வேண்டும். கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. நாற்காலிக்குப் புது உறை தைத்துப் போட்டாயிற்று என்று நாத்தனார் சொல்லியனுப்பியிருந்தாள்.

அவளுக்கு வயிற்றெரிச்சல் காசோலையின் மேல் அல்ல. அதே பதிப்பகத்தில் எழுதும் மற்றவர்கள் மேல். பதிப்பக விழாவுக்கு இவள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவாள், அவர்கள் காரில் வந்து இறங்குவார்கள். கவிதை எழுதும் டாக்டர், பயணக் கட்டுரை எழுதும் நகைக்கடை அம்மா, சுயசரிதையை மூன்று பாகம் எழுதிவிட்டு நாலாவதுக்கு அடிபோடும் ஓய்வுபெற்ற அதிகாரி. அவர்கள் புத்தகத்துக்குக் கெட்டி அட்டை, வழவழப்பான தாள். இவள் நாவலிலோ பின்பக்க எழுத்து முன்பக்கத்தை எட்டிப் பார்க்கும். ஆனால் விழாவில் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறவர்கள் எல்லாம் இவளிடம்தான் வருவார்கள். விற்கிறவளுக்கு டயர், விற்காதவர்களுக்குக் காரா? பதிப்பாளர் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள்.

அடுத்த விழாவில் டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டாள். "உங்களுக்கு ஒரு புத்தகத்துக்கு எவ்வளவு டாக்டர்?"

ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவர், தனக்கே போட்டதுபோல முகத்தைச் சுளித்தார். "அதெல்லாம் வெளியில பேசறதில்லம்மா. எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம்."

அதிகாரி காது கேளாதவர்போல ஜன்னலைப் பார்த்தார். நகைக்கடை அம்மா மட்டும் வளையலைத் தள்ளி விட்டுக்கொண்டு, பணத்துக்காகவா எழுதுகிறோம், அவர் ஒரு தொகை சொன்னார், நான் பேரம் பேசவில்லை என்றாள். பேரமே தேவைப்படாத தொகை என்றால் அது எவ்வளவு பெரிய தொகையாக இருக்கும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தவள், இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விட்டாள்.

இனி போட்டு வாங்குவதுதான் வழி. மறு வாரம் நடந்த ஒரு விமர்சனக் கூட்டத்தில், தேநீர் இடைவேளையில், காசோலைத் தொகையைப் பத்தால் பெருக்கி, "பதிப்பாளர் எனக்கு இவ்வளவு குடுக்கறார்," என்று அலட்சியமாகச் சொல்லி வைத்தாள்.

மூவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கா?" என்றார்.

அந்தக் கேள்வியில் இருந்த இளக்காரம் அவளைச் சுருக்கென்று தைத்தது. யாரும் தங்கள் தொகையைச் சொல்லவில்லை. அவிழ்த்துவிட்ட பொய்தான் ஊர் சுற்றக் கிளம்பியது.

நகைக்கடை அம்மா துணிக்கடைக்கு வாடிக்கை. நாத்தனார் அன்று மாலையே இனிப்புப் பொட்டலத்தோடு வந்துவிட்டாள். "இவ்வளவு வாங்கறவ எதுக்கும்மா என் கடையில வந்து பில் போடணும்? அந்த நாற்காலிக்கு நான் வேற பொண்ணைச் சேத்துட்டேன்," என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். நாவலாசிரியை இனிப்புப் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றாள். பிடிக்காத நாற்காலிதான், இருந்தாலும் அது ஒன்றுதான் கையில் இருந்தது.

கணவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "பணம் எங்கே?" என்றான். அவன் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம் இருந்தது. அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். மூன்று வருஷமாக மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், கிழிந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டவன் அவன். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

இனி பின்வாங்க இடமில்லை. அவள் ஒரு மனு எழுதினாள். 'இந்தப் பதிப்பகத்தில் எழுதும் எல்லாருக்கும் ஒளிவுமறைவில்லாமல் ஒரே கணக்கு வேண்டும்.' ஏற்கெனவே கொழுத்தவர்கள் இதில் ஏன் கையெழுத்துப் போடப் போகிறார்கள் என்று பயந்துகொண்டேதான் எடுத்துப் போனாள். ஆனால் நகைக்கடை அம்மா சொந்தப் பேனாவைத் தேடி எடுத்தாள். அதிகாரி தேதியும் நேரமும் போட்டு முத்திரை குத்தினார். டாக்டர் அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

"ரொம்ப வருஷமா மனசுல இருந்ததும்மா. உங்களுக்காவது தைரியம் வந்துச்சே," என்றார் டாக்டர். அவர் கண் கலங்கியிருந்தது. பணக்காரர்களுக்கும் மனசாட்சி உண்டு என்று அவள் முதல் தடவையாக நம்பினாள்.

கணவன் மட்டும் நம்பவில்லை. "காசுள்ளவன் இவ்வளவு ஆசையா ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டா அதுல ஏதோ இருக்கு. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்காதே," என்றான்.

பதிப்பாளர் மனுவை இரண்டு முறை படித்தார். நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அவள் எந்தப் புத்தக வெளியீட்டிலும் பார்த்ததில்லை.

"எனக்கே இது தோணாமப் போச்சே. நீங்க கேக்கறது நியாயம்தான்மா. உங்க புது நாவல்லேருந்தே ஆரம்பிச்சுடுவோம்."

"டாக்டருக்கு என்னவோ அதே எனக்கும் வேணும் சார்."

"அட்சரம் மாறாது."

ஒப்பந்தம் வந்தது. நடுப்பக்கத்தில் இருந்த தொகையைப் பார்த்ததும் அவளுக்கு மற்ற வரிகள் எதுவும் கண்ணில் படவில்லை. டயர் இல்லை, புது ஸ்கூட்டரே வாங்கலாம். இத்தனை வருஷமும் இதையா ஒளித்து வைத்திருந்தார்கள் பாவிகள் என்று மனசுக்குள் சபித்தபடியே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். பதிப்பாளர் எழுந்து நின்று கைகூப்பி வழியனுப்பினார்.

நடையில் நின்று கணவனுக்குப் போன் செய்தாள். "உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க. அந்த நாற்காலி நமக்கு வேணாம்," என்றாள். மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பிறகு கணக்குப் பிரிவுக்குப் போனாள். ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கணக்காளர் அம்மா, ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்துவிட்டு இவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரொக்கமா, செக்கா மேடம்?"

"செக்காவே எழுதிடுங்க."

கணக்காளர் அம்மா தன் பேனாவைத் திறந்து இவள் பக்கம் மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"எழுத வேண்டியது நீங்கதான் மேடம், அவங்க எல்லாரும் எங்களுக்குப் பணம் கட்டித்தான் புத்தகம் போடறாங்க, அந்தப் பணத்துலதான் இத்தனை வருஷமா உங்க ஒருத்தருக்கு மட்டும் செக் போயிட்டிருந்துச்சு."