பரிசீலனையில் இருக்கும் மாத்திரை

சூலூரில், கிணறு ஆழப்படுத்த அனுமதி வழங்கும் அலுவலகத்தின் கண்காணிப்பாளர் திருமதி நாச்சியம்மாள், தமது ஐம்பத்தோராம் வயதில், தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கோடையில், உடம்புக்குள் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தார். மேற்படி தீ வெளியே தெரியாது. மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டும் ஜாக்கெட் நனைந்தது. இராத்திரித் தூக்கம் போயே போயிற்று. மாதவிலக்கு நின்ற பெண்கள் பலருக்கு வருவதுதான்.

எரிச்சலின் நடுவிலும் அலுவல் நின்றுவிடவில்லை. திங்கட்கிழமை தவறாமல் பாலுசாமி என்கிற விவசாயி வந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார்.

"ஏனுங்க மேடம், நம்ம கெணத்து விசயமுங்க. தென்னையெல்லாம் மட்டை தொங்கிப்போச்சுங்க."

"பாத்துக்கலாமுங்கண்ணா. பரிசீலனைல இருக்குதுங்க."

இதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. கொங்கு நாட்டில் முகத்துக்கு நேரே 'இல்லை' என்பது மரியாதை ஆகாது. 'ஆகட்டும்' என்றால் நாளைக்கு மாட்டிக்கொள்ள நேரும். இரண்டுக்கும் நடுவில் 'பாத்துக்கலாமுங்க' என்று ஒரு பத்திரமான இடம் இருக்கிறது. நாச்சியம்மாள் இருபது வருஷமாக அங்கேதான் குடியிருந்தார்.

அந்த வருஷம் கோயமுத்தூரில் ஹார்மோன் மாத்திரை பெரிய மோஸ்தர். கல்யாண வீடுகளில் "மாருதி வாங்கிட்டீங்களா?" என்று கேட்டவர்கள் எல்லாம் "ஹார்மோன் போடறீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாத்திரைக் கம்பெனி ஒன்று பெரிய ஓட்டலில் 'என்றும் முப்பது' என்று கூட்டம் போட்டுச் சாப்பாடும், ஆளுக்கொரு கைவிசிறியும் கொடுத்தது. நாச்சியம்மாளும் போனார். அந்த விசிறி பிற்பாடு அவருக்கு மிகவும் உபயோகப்பட்டது.

நாச்சியம்மாளின் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குத் தைராய்டு மிதமிஞ்சி வேலை செய்து, கதிரியக்க மருந்து கொடுத்து அதை அடக்கியிருந்தார்கள். அது அடியோடு அடங்கிப்போனதால், அன்றிலிருந்து தினமும் காலையில் தைராய்டு மாத்திரை. எலும்பைப் பரிசோதித்தபோது அது தேய்ந்திருந்தது. ஹார்மோன் சாப்பிட்டால் எரிச்சல் தணியும், எலும்பு கெட்டிப்படும். ஆனால் தைராய்டு மாத்திரையின் அளவு தடுமாறலாம். இரத்தம் உறையலாம். மார்பில் கட்டி வருமோ என்ற பயமும் உண்டு.

பெண்கள் மருத்துவர் மோகனப்பிரியா மிகவும் பணிவாகப் பேசினார்.

"எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. தைராய்டு டாக்டருக்கு இல்லீன்னா."

தைராய்டு மருத்துவர் திருமூர்த்தி அவரைவிடப் பணிவானவர்.

"எனக்கும் ஆட்சேபணை இல்லீங்க. லேடி டாக்டருக்கு இல்லீன்னா."

"ரெண்டு பேருக்குமே இல்லீன்னா நான் சாப்பிடலாமுங்களா?"

"அதெப்படிங்க? சாப்பிடுங்கன்னு ஒருத்தர் சொல்லோணுமில்லீங்க."

"அதை யாருங்க சொல்றது?"

"பாத்துக்கலாமுங்க," என்றார் திருமூர்த்தி.

நாச்சியம்மாளுக்குச் சுருக்கென்றது. எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று நினைத்தார். யாருடையது என்று பிடிபடவில்லை.

இருவரும் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் நிர்வாகம் சும்மா இருந்துவிடவில்லை. நாச்சியம்மாளுக்கு மாத்திரையால் வரும் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்க்க 'அபாய ஆய்வுக் குழு' ஒன்றை அமைத்தது. முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொண்டார்கள். அடுத்த கூட்டத்தில், 'அபாயம்' என்ற சொல் நோயாளிகளைக் கலவரப்படுத்தும் என்று கருதிக் குழுவின் பெயரை மாற்றினார்கள். அதற்கடுத்த கூட்டத்தில், பெயர் மாறிவிட்டபடியால் உறுப்பினர்களை மறுபடி நியமித்தார்கள்.

நாச்சியம்மாளின் கணவர் அரங்கசாமிக்குப் பொறுமை போய்விட்டது. "டாக்டருங்க சொல்ற மாதிரி தெரியல. வா, பூக் கேட்டுப்போட்டு வந்தரலாம்," என்று மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், செவ்வரளி ஒரு பொட்டலத்தில். வெள்ளை வந்தால் மாத்திரை சாப்பிடலாம். பூசாரி அம்மன் காலடியில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தது.

இதைக் கேட்ட திருமூர்த்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கெவர்மெண்டு உத்தியோகத்துல இருக்கறவங்க இப்படிப் பண்ணலாமுங்களா? சீமையில எப்படி ஆராய்ச்சி பண்றாங்க தெரியுமுங்களா? பாதிப் பேருக்கு நெசமான மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. எந்தப் பொட்டலத்துல எது இருக்குதுன்னு குடுக்கறவருக்கும் தெரியாது, வாங்கறவருக்கும் தெரியாது."

"அது பூக் கேக்கறதுதானுங்களே?"

திருமூர்த்தி சற்று யோசித்தார்.

"அதுல ஆயிரக்கணக்குல பொட்டலமுங்க."

"முடிவு எப்பங்க வரும்?"

"ஏழெட்டு வருசத்துல வந்துருமுங்க. அது வரைக்கும் அனுசரிச்சுக்கோங்க."

அம்மன் சொன்னதை மட்டும் வைத்து மாத்திரை வாங்கலாமா என்றால், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். அம்மன் சீட்டு எழுதித் தருவதில்லை. நாச்சியம்மாள் விசிறியை வீசிக்கொண்டு இரண்டு கோடையைக் கழித்தார். எரிச்சல் மெல்ல மெல்லத் தானே அடங்கியது. எலும்பு மட்டும் தேய்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் குளியலறையில் வழுக்கி வலது கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது.

குழு இந்த முறை மின்னல் வேகத்தில் கூடியது. முடிவை மோகனப்பிரியா படித்துக் காட்டினார்.

"எலும்பு முறிவைத் தடுப்பது என்னும் நோக்கம், எலும்பு முறிந்துவிட்டபடியால் இனி எழவில்லை. எரிச்சலும் தானாகவே தணிந்துவிட்டது. ஆகவே மாத்திரை தேவைப்படாமை குறித்து மகிழ்ச்சி தெரிவித்து, கோப்பு முடிக்கப்படுகிறது."

"ஏனுங்க டாக்டர், நான் அதைச் சாப்பிட்டிருக்கலாமுங்களா, கூடாதுங்களா? அதையாச்சும் சொல்லுங்க."

"அது இனிமே எதுக்குங்க அம்மா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

நாச்சியம்மாளுக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது. இரண்டு வருஷம் ஒரு மனுஷியை வேகவிட்டு, கையை முறியவிட்டு, கடைசியில் மகிழ்ச்சி தெரிவிக்கிறார்களே, இவர்கள் எல்லாம் வீட்டில் சோறுதான் தின்கிறார்களா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பொருமினார். பக்கத்து சீட்டுக்காரரும் அதை ஆமோதித்தார்.

கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த அன்று திங்கட்கிழமை. பாலுசாமி நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் நாச்சியம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. இன்றைக்கு இவருக்கு ஒரு முடிவு சொல்லாமல் அனுப்புவதில்லை என்று உறுதி செய்துகொண்டு, கோப்பைத் தாமே தேடி எடுத்தார்.

"தென்னையெல்லாம் எப்படிங்கண்ணா இருக்குது?"

"எல்லாம் பட்டுப்போச்சுங்க மேடம். வெட்டி வெறகுக்குப் போட்டுட்டனுங்க."

நாச்சியம்மாள் சற்று யோசித்தார். பிறகு, குணமான கையால் முதல்முதலாக, நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'மரங்கள் பட்டுவிட்டபடியால் தண்ணீர்த் தேவை இனி எழவில்லை. மகிழ்ச்சியுடன் கோப்பு முடிக்கப்படுகிறது.'

"முடிச்சுப்போட்டனுங்கண்ணா. இனி நீங்க அலைய வேண்டியதில்லை."

பாலுசாமிக்கு அலைச்சல் தீர்ந்ததே பெரிதாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப சந்தோசமுங்க மேடம்," என்றார்.

"வெயில்ல வந்திருக்கறீங்க, தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்க," என்று நாச்சியம்மாள் சொம்பை நகர்த்தி வைத்தார்.