நான்காம் பாத்தி

"நாலாம் பாத்திதான் சார் இந்தத் தடவையும் முதல் மார்க்" என்று ஆய்வகத்துப் பெண் தாளை நீட்டினாள்.

மண்புழு தாளை வாங்கித் தலைகீழாகவும் ஒரு தரம் திருப்பிப் பார்த்தார்.

மண்புழு என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பேர். மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலத்தில் பயிரை மாற்றி மாற்றிப் போட்டால் மண்வளம் கூடும் என்று நிரூபிக்க, ஆறு வருஷமாக மண்ணிலேயே கிடப்பவருக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்?

ஆராய்ச்சி நிலத்தில் நான்கு பாத்திகள். முதல் மூன்றில் ஒரு வருஷம் பாசிப்பயறு, மறு வருஷம் கடலை, அடுத்து தினை என்று சுழற்சி. நான்காவதில் மட்டும் வருஷா வருஷம் சோளம்தான். உரம் கிடையாது, பயறு கிடையாது, பரிதாபமும் கிடையாது. மண் இளைத்துப்போய் மற்ற மூன்றின் பெருமையை ஊருக்குக் காட்டட்டும் என்றே வைத்த பாத்தி. அது என்னடாவென்றால், தழைச்சத்தில் மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நாளை மறுநாள் மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் உதட்டைப் பிதுக்கினால் திட்டத்துக்கு மூடுவிழா. மண்புழு விதைக் கிடங்கில் சாக்குக்குக் காவல்.

தலைவலி மூன்றாம் வருஷமே ஆரம்பித்துவிட்டது. ஆடு புகுந்து புழுக்கை போடுகிறது என்று முடிவுகட்டி, நாலாம் பாத்தியைச் சுற்றி முள்வேலி போட்டார். களையெடுக்கும் ஆட்கள் போய்வர ஒரு தட்டிக் கதவு மட்டும் வைத்தார். அந்த வருஷம் தழைச்சத்து ஒன்றரை மடங்கானது.

"ஆடும் வரல, மாடும் வரல. எப்படிடி ஏறும்?" என்று வீட்டில் வந்து புலம்பினார்.

"பக்கத்துத் தோட்டத்துல குப்பைமேடு இருக்குன்னீங்களே, காத்துல பறந்து வருதோ என்னமோ" என்றாள் மனைவி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

நியாயமாகத்தான் பட்டது. நாலாம் வருஷம் வேலியை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல் நெருக்கமான பச்சை வலையைக் கட்டினார். உள்ளே நிற்பவர் வெளியே தெரியாத அளவு நெருக்கம். தழைச்சத்து இரண்டு மடங்கு!

"ஆளுங்க செருப்பைப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி அடுத்த முறை. "பயறு போட்ட மண்ணையெல்லாம் அப்பிக்கிட்டு அப்படியே உள்ள போனா?"

மறுநாளே கதவருகில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் சொம்பும் வந்தன. கால் கழுவாமல் ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. ஆட்கள் முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினார்கள். ஆராய்ச்சியின் அருமை புரிந்த ஆட்கள் என்று மண்புழு நெகிழ்ந்துபோனார்.

அதன் பலன்தான் இப்போது கையில் இருந்த தாள். மூன்று மடங்கு.

இனி மூடி மறைத்துப் பயனில்லை என்று இயக்குநர் அறைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தவருக்குக் கட்டிப்பிடிப்பு விழுந்தது.

"யோவ், இது தோல்வி இல்லய்யா, கண்டுபிடிப்பு! ஒரே பயிரைத் திருப்பித் திருப்பிப் போட்டா மண்ணு தானாத் தேறுது!"

"சார், அது எப்படி சார் தேறும்? படிச்ச படிப்புக்கே..."

"படிப்பைத் தூக்கி ஓரமா வையி. அறிக்கைத் தலைப்பை மாத்து!"

இதைவிடப் பெரிய அவஸ்தை மண்புழுவுக்கு வந்ததில்லை. ஆறு வருஷ உழைப்பு பொய்யாக வேண்டும், அல்லது அவர் பொய் சொல்ல வேண்டும். இரண்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை.

குழு வந்தது. தலைவர் பழைய காலத்து மண் நிபுணர். நாக்கில் வைத்துப் பார்க்காமல் எந்த மண்ணுக்கும் சான்று தர மாட்டார். நாலாம் பாத்தி மண்ணை ஒரு பிடி அள்ளினார். முகர்ந்தார். நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடினார்.

"ஆஹா! நாப்பது வருஷத்துல இப்படி ஒரு மானாவாரி மண்ணை நான் பாத்ததில்ல. என்னய்யா ரகசியம்?"

இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் மண்புழு முந்திக்கொண்டார். வேலை போனாலும் போகட்டும் என்று ஆகிவிட்டது.

"சத்தியமா எனக்குத் தெரியல சார். ஒரு துரும்பு உள்ள போகாம தடுத்தேன். தடுக்கத் தடுக்க ஏறிக்கிட்டே போகுது."

தலைவர் இன்னொரு சிட்டிகையை நாக்கில் வைத்துக்கொண்டு, ஓரமாக நின்ற களையெடுக்கும் அம்மாளைக் கூப்பிட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. இவருக்குத் தெரியாம இதுல என்ன போடுறீங்க? பயப்படாதீங்க."

அந்த அம்மாள் வெட்கத்தோடு மண்புழுவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சோளத்துக்குள்ள ஒளிஞ்சு ஒளிஞ்சு ஒதுங்கிட்டு இருந்தோம்யா, பொம்பளைங்க கஷ்டத்தைக் கேக்காமலே தெரிஞ்சுக்கிட்டு, வேலி போட்டு, கதவு வச்சு, மறைப்பு கட்டி, தொட்டித் தண்ணியும் சொம்பும் வச்சுக் குடுத்த மகராசன் இவரு, அதுக்கப்புறம் நாங்க பன்னெண்டு பேரும் வேற எங்கயும் போறதே இல்ல!"