போன வாரத்துப் பாட்டு

சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவன் எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்து, பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றான். பிறகு பையைத் திறந்து ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தான். சுற்றினான். திரும்ப உள்ளே வைத்தான். வாரம் தவறாமல் இப்படித்தான். காபியை வாயில் வைக்கும்போது கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது.

"தம்பி, குரல் சுத்தமாப் போச்சு. வாயைத் தொறந்தா காத்துதான் வருது."

அனுப்பியது பாட்டக்கா. ஊரின் நடுவில், ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் பாரில் சனிக்கிழமைதோறும் கிடாரை மாட்டிக்கொண்டு பாடுகிறவள். அவன் அங்கே மிக்சரின் முன்னால் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைப்பவன். பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நேரமில்லை. எல்லோருக்கும் அவன் 'ஒயர்'.

வேறு சனிக்கிழமையாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். இன்றைக்கு முதலாளி மனைவியோடு வருகிறார். புதன்கிழமையே சொல்லிவிட்டார்.

"ரெக்கார்டு போட்டாலும் அதே பாட்டு, ஆள் பாடினாலும் அதே பாட்டு. அப்புறம் ஆள் எதுக்கு? சனிக்கிழமை வந்து கேக்குறேன். வித்தியாசம் தெரியலைன்னா அடுத்த வாரத்துலேருந்து மெஷின்தான். பட்டனை பார்டெண்டரே அமுக்கிக்குவாரு."

பட்டனை பார்டெண்டர் அமுக்கினால் ஒயருக்கு அங்கே என்ன வேலை? பாட்டக்காவின் பிழைப்போடு அவன் பிழைப்பும் சேர்ந்தே போகும்.

மாலை ஐந்து மணிக்குப் பாட்டக்கா வந்தாள். கழுத்தில் மஃப்ளர், கையில் நோட்டு, பேனா. கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்த பார்டெண்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னக்கா, இன்னிக்கு ஊமைப்படமா?"

பாட்டக்கா முறைத்தாள். திட்டக்கூட வழியில்லை.

"ஒரு வழி இருக்குண்ணே," என்றான் ஒயர். "போன வாரம் அக்கா பாடினதை முழுசா பதிவு பண்ணி வெச்சிருக்கேன். அதை ஓட விடுறேன். அக்கா கிடாரைப் புடிச்சுக்கிட்டு வாயை மட்டும் அசைக்கட்டும்."

"அதாவது, ரெக்கார்டு வேணாம், ஆள்தான் வேணும்னு காட்டுறதுக்கு ரெக்கார்டு போடப்போற."

"ஆமா."

"உன் மூளைக்கு ஒரு பெக் ஊத்தணும்டா."

பாட்டக்கா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தலையாட்டிவிட்டு நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

ஏழு மணிக்குள் கூடம் நிரம்பிவிட்டது. புதினாவும் எலுமிச்சையும் மணத்தன. பார்டெண்டரின் கையில் மது கலக்கும் ஷேக்கர் தாளம் போட்டது. முதலாளியும் முதலாளியம்மாவும் வந்து ஐந்தாம் மேஜையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டார். ஒயர் பட்டனை அமுக்கினான். பாட்டக்கா வாயைத் திறந்தாள்.

முதல் பாட்டு வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போனது. கைதட்டல். ஒயர் மூச்சு விட்டான்.

"இந்தப் பேய் மழையில நனைஞ்சுக்கிட்டு வந்த அத்தனை பேருக்கும் என் நன்றி!" என்றது பாட்டக்காவின் குரல்.

ஒயர் சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினான். பாட்டுப் பாட்டாகப் பதிவு செய்யும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. ஏழுக்கு அமுக்கினால் ஒன்பதுக்குத்தான் நிறுத்துவான். நடுவே பாட்டக்கா ஜனங்களோடு பேசியதெல்லாம் அதிலேயே கிடந்தது. அவள் கிடாரை மீட்டிக்கொண்டே பேசுகிறவள். பேச்சை மட்டும் தனியாகக் குறைக்கவும் முடியாது.

போன சனிக்கிழமை அடைமழை. இன்றைக்கு வானத்தில் பொட்டு மேகம் இல்லை. எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. ஒயர் பார்டெண்டரிடம் ஓடினான்.

"அண்ணே, உடனே மழை வேணும்!"

"புது காக்டெயிலா? எதுல கலக்குறது?"

"நெஜ மழைண்ணே! ஜன்னல்ல தெரியற மாதிரி!"

பார்டெண்டர் கைக்குக் கிடைத்த வாளியோடு மொட்டை மாடிக்கு ஓடினார். சற்று நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. ஆனால் அது ஐஸ் வாளி. தண்ணீருக்குப் பின்னாலேயே கட்டிகளும் படபடவென்று விழுந்தன.

"ஐயையோ, ஆலங்கட்டி மழை!" என்று ஒருவர் அலறினார். கார் வைத்திருந்த ஆறு பேர் படியில் உருண்டு புரண்டு ஓடினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள்.

"தெருவெல்லாம் காஞ்சு கெடக்கு. இந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் மழை பெய்யுது!"

அதற்குள் இரண்டாவது பாட்டு முடிந்தது. ஒயர் பல்லைக் கடித்தான்.

"ரெண்டாம் மேஜையில பொறந்தநாள் கொண்டாடுற அண்ணாவுக்கு அடுத்த பாட்டு!"

இரண்டாம் மேஜையில் ஒரு கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். சொட்டச் சொட்ட நனைந்து இறங்கி வந்த பார்டெண்டருக்குச் சமயோசிதம் பீறிட்டது. ஒரு காக்டெயிலில் எலுமிச்சைத் துண்டைச் செருகி, அதில் மெழுகுவர்த்தியைக் குத்திக் கண்ணாடிக்காரர் முன்னால் வைத்தார்.

"வாழ்த்துக்கள் சார். நூறு வயசு இருக்கணும்."

மனைவி கடலையைக் கீழே வைத்தாள். "உங்க பொறந்தநாள் மார்ச்சுல இல்ல வரும்?"

"ஆமா, மார்ச்சுதான்."

"அப்ப இது எந்தப் பொறந்தநாள்?"

"எனக்கென்னடி தெரியும்?"

"பன்னெண்டு வருஷம் குடித்தனம் பண்ற எனக்குத் தெரியாத பொறந்தநாள் மேடையில நிக்கறவளுக்கு எப்படித் தெரியுது?"

"சத்தியமா இன்னிக்குத்தான் இந்தப் படியை மிதிக்கிறேன்! அந்தம்மா அண்ணான்னுதானே கூப்பிட்டாங்க?"

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க."

பார்டெண்டர் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு நழுவினார். அந்த அம்மாள் விடுவதாக இல்லை. மேடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் நேராக ஒயரிடம் வந்து, செங்கல் கனத்தில் இருந்த கைப்பையை மிக்சரின் மேல் தொப்பென்று வைத்தாள்.

"தம்பி, அந்தப் பாட்டுக்காரியை எறங்கி வரச் சொல்லு."

"பாட்டு முடியட்டும்மா. பையை எடுங்க."

"மொதல்ல எனக்குப் பதில் சொல்லு."

அப்போதுதான் ஒயருக்கு நினைவு வந்தது. போன வாரம் மூன்றாவது பாட்டு முடிந்ததும் பாட்டக்கா ஒருவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் உட்கார்ந்திருந்தது ஐந்தாம் மேஜை.

திரும்பிப் பார்த்தான். ஐந்தாம் மேஜையில் முதலாளி ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தார். "ஹலோ! சத்தமாப் பேசு! இங்க யாரோ பாடுறாங்க!"

எதிரே முதலாளியம்மா கிளாஸில் இருந்த செர்ரிப் பழத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அதில் இருந்தது ஒரே செர்ரி.

"அம்மா, உங்க கால்ல விழறேன், பையை எடுங்க!"

அவன் பையை இழுத்தான். அந்த அம்மாள் தன் பக்கம் இழுத்தாள். பை சறுக்கிச் சத்தத்தை உச்சிக்குத் தள்ளிவிட்டது.

"அஞ்சாம் மேஜை!"

கிளாஸ்கள் அதிர்ந்தன.

"ஆமா, உங்களைத்தான்! வந்ததுலேருந்து பாக்குறேன், போனைக் காதுலேருந்து எடுக்கலை. எதிர்ல ஒரு மனுஷி உக்காந்திருக்காங்களே, அவங்க மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை பேசினீங்களா? போனை வெச்சுட்டு அவங்களைப் பாருங்க. முடியலைன்னா வெளியில போய்க் கத்துங்க. நான் பாடணும்."

மேடையில் பாட்டக்கா ஐந்தாம் மேஜையை நோக்கி விரலை நீட்டியபடி நின்றாள். வாயசைப்பு இம்முறை அணுவளவும் பிசகவில்லை.

ஷேக்கர் நின்றது. முதலாளி போனை மெதுவாக மேஜைமேல் கவிழ்த்தார். ஒயர் மனதுக்குள் ஒயர்களைக் கடைசியாக ஒருமுறை சுற்றி வைத்தான்.

யாரோ கைதட்டும் சத்தம் கேட்டது. முதலாளியம்மா.

"நல்லாச் சொன்னம்மா! இருபத்திரண்டு வருஷமா என் தொண்டையில நின்ன வார்த்தை!"

ஒயர் பக்கத்தில் நின்ற அம்மாளும் புருஷனை மறந்து கைதட்டினாள். கூடம் முழுக்கத் தட்டியது.

"ரெக்கார்டும் ஆளும் ஒண்ணுன்னு சொன்னீங்களே," என்றார் முதலாளியம்மா. "உங்க மெஷின் உங்களைப் பாத்து இப்படிக் கேக்குமா?"

"கேக்காது," என்றார் முதலாளி, மேஜையைப் பார்த்தபடி.

"அப்ப?"

"ஆளே பாடட்டும்."

"அந்த மிக்சர் பையன்?"

"அவனும் இருந்துட்டுப் போகட்டும். இப்ப நீ சொல்லு, என்ன சாப்பிடற?"

ஒன்பது மணிக்குக் கிளம்பும்போது முதலாளி மிக்சர் அருகில் நின்றார்.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா உயிருள்ள பாட்டுன்னா இதாம்பா. மெஷின்ல இது வருமா?"

"வரவே வராது சார்," என்றான் ஒயர், பதிவை ஓட்டிக்கொண்டிருந்த பட்டனை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு.

கூடம் காலியானது. பார்டெண்டர் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். ஒயர் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுக்கா. இருக்கிற இருபது மேஜையில அந்த மனுஷன் தேடிப் புடிச்சு அஞ்சுல உக்காந்தாரு பாருங்க. ஏதோ நம்ம அதிர்ஷ்டம்."

பாட்டக்கா மஃப்ளரை அவிழ்த்தாள். இருமினாள். அன்றைக்கு முழுவதும் அவள் நிஜமாக வாய் திறந்து சொன்னது இந்த ஒன்றுதான். துருப்பிடித்த கதவு திறப்பது போலக் கேட்டது.

"அவரை அங்க உக்கார வெக்கச் சொல்லி எழுதிக் குடுத்ததே நான்தான் தம்பி."